தட்டில் செத்த செல்லும் தலைக்குள் வளரும் கட்டியும்

போன மாதம் ஊரிலிருந்து நண்பன் கூப்பிட்டான். அவன் அப்பாவுக்கு கிளியோபிளாஸ்டோமா. மூளையில் உருவாகும் புற்றுக்கட்டிகளில் மிக மோசமானது. "மூளைக்கட்டி செல்லை அழிக்கிற மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களாம்டா. அங்கே கிடைச்சா வாங்கி அனுப்பு" என்றான். வாட்ஸ்அப் செய்தி. படித்துப் பார்த்தேன். மருந்து செல்களைக் கொன்றது உண்மைதான். ஆனால் அவை ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள்.

நான் சாஃப்ட்வேர்காரன். என் லேப்டாப்பில் ஜோராக ஓடிய புரோகிராம் வாடிக்கையாளரின் சர்வரில் படுத்துவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான். தட்டில் மருந்து நேராகச் செல் மீது விழுகிறது. உடம்பிலோ மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரே காவல்காரன் மாதிரி நின்று, பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடுவதில்லை. தட்டில் வேலை செய்த அளவை மனித உடம்பு தாங்குமா என்பது வேறு கேள்வி. சோதிக்கும் செல்லிலேயே குழப்பம் வந்ததும் உண்டு. உலகெங்கும் ஆய்வகங்கள் பயன்படுத்தும் 'யு87' செல்கள், அவை எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஸ்வீடன் நோயாளியின் கட்டியோடு மரபணு அளவில் பொருந்தவில்லை என்று 2016இல் தெரியவந்தது.

2007இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் டைகுளோரோஅசிடேட் என்ற மலிவான வேதிப்பொருள் புற்றுசெல்களை அழிப்பதாகச் சொன்னது. மனிதர்களிடம் சோதிக்கும் முன்பே இணையத்தில் விற்பனை தொடங்கிவிட்டது. அமெரிக்க அரசு தலையிட்டு நிறுத்தியது. அது நரம்பைப் பாதிக்கக்கூடிய பொருள்.

அதற்காக ஆய்வகச் சோதனை வீண் என்று சொல்லவில்லை. அது முதல் படி, அவ்வளவுதான். இன்று கொடுக்கப்படும் டெமோசோலமைடும் ஆய்வகத்திலிருந்து வந்ததுதான். 573 நோயாளிகளிடம் சோதித்து 2005இல் வந்த முடிவு: கதிர்வீச்சோடு இதையும் சேர்த்தால், சராசரி ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகிறது. இரண்டரை மாதம்! அதை நிரூபிக்கவே இத்தனை பாடு.

'மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போடும் ஊடகங்கள், 'ஆய்வகச் செல்களில்' என்று இரண்டு சொல் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? ஃபார்வர்டு செய்யும் நாமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: இதை மனிதர்களிடம் சோதித்தார்களா?

நண்பனிடம் சொன்னேன்: "அனுப்ப மாட்டேன்டா. புது மருந்துச் சோதனை எதிலாவது அப்பாவைச் சேர்க்க முடியுமான்னு டாக்டரைக் கேளு. இப்போ கொடுக்கிற மாத்திரையை மட்டும் நிறுத்திடாதே."

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு, யோசிக்காமல் ஃபார்வர்டு செய்த எல்லோரும்தான் பொறுப்பு.