கூட்டாகப் பணம் போட்டால் மழை வருமா?

கேள்வி: ‘‘எங்கள் ஊரில் கம்பும் உளுந்தும் மானாவாரியாகப் போடுகிறோம். ஐப்பசியில் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஆனால், பெய்யாமலே போய்விடுகிறது. விமானத்தில் மருந்து தூவி மழை பெய்ய வைக்கலாம் என்கிறார்கள். உழவர் குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு இதைச் செய்ய முடியுமா? நகையை அடகு வைத்தாவது பணம் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள்.’’
- வாசகர், விருதுநகர் மாவட்டம்.

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். செயற்கை மழை என்பது பொய் இல்லை. ஆனால், அது ஒரு ஊரோ, ஒரு குழுவோ செய்யக்கூடிய வேலை இல்லை.

மேகத்தில் இருக்கும் நீர்த்துளிகள் மிகச் சிறியவை. ஏறத்தாழ 10 லட்சம் துளிகள் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உருவாகும். அப்படிச் சேராத மேகம் காற்றோடு போய்விடும். இதைச் சேர்த்துவைக்கத்தான் ‘மேக விதைப்பு’ செய்கிறார்கள். விமானத்தின் இறக்கையில் பொருத்திய குழல்களை மேகத்தின் அடிப்பகுதியில் எரியவிடுவார்கள். அதிலிருந்து வரும் கால்சியம் குளோரைடு உப்புத்துகளை, மேலெழும் காற்று மேகத்துக்குள் இழுத்துச் செல்லும். அடைமழைக் காலத்தில் அடுப்படியில் உள்ள உப்பு கசிகிறதல்லவா? அதுபோல இந்தத் துகளும் ஈரத்தை இழுத்துப் பெருக்கும். பெருத்த துளி இறங்கும்போது சின்னத் துளிகளையும் சேர்த்துக்கொள்ளும். மிக உயரத்தில், உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த மேகங்களுக்கு வெள்ளி அயோடைடு பயன்படும்.

மகாராஷ்டிராவின் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில், புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 பருவமழைக் காலங்களில் இதைச் சோதித்தது. தேர்ந்தெடுத்த 276 மேகங்களில் சிலவற்றில் உப்பு தூவியும், சிலவற்றில் தூவாமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காற்று வீசும் திசையில், சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழை சராசரியாக 18 சதவிகிதம் கூடியது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆன செலவு 18 பைசா.

18 பைசா மலிவுதானே என்று தோன்றும். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால், 4,047 லிட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 40,470 லிட்டர். 18 பைசா வீதம் ஏக்கருக்கு 7,285 ரூபாய் ஆகிறது. 100 ஏக்கருக்கு 7 லட்சத்து 28 ஆயிரத்துக்கு மேல். அந்த மழையும் உங்கள் வரப்புக்குள்தான் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. தூவிய இடம் ஒன்று, காற்று தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டும் இடம் வேறு. விமானம், ரேடார், பறக்க அனுமதி என்று எல்லாமே அரசு மட்டத்தில் ஆக வேண்டியவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 20 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 18 சதவிகிதம் கூடினால், 23.6 மில்லிமீட்டர் கிடைக்கும். பெய்யவே பெய்யாத இடத்தில், பூஜ்யத்துக்கு 18 சதவிகிதம் பூஜ்யம்தான். 2025 அக்டோபர் 28 அன்று டெல்லியில், காற்று மாசைக் குறைக்க மேக விதைப்பு செய்தார்கள். மேகத்தில் ஈரப்பதம் 15-20 சதவிகிதம்தான் இருந்தது. குறிப்பிடும்படியாக மழை பெய்யவில்லை. கடும் வறட்சியில் கைகொடுக்கும் மருந்து இல்லை இது. நல்ல மேகம் வரும் ஆண்டில்தான் இதற்குப் பலன் அதிகம்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் குளிர்காலத்தில் மலை மேல் உள்ள மேகங்களில் தூவி, பனிப்பொழிவைக் கூட்டுகிறார்கள். அந்தப் பனி வசந்தகாலத்தில் உருகி ஆற்றுக்கு வருகிறது. அங்கே மலையே நீர்த்தேக்கமாக இருக்கிறது. நமக்கு அப்படிப் பனிமலை இல்லை. விழுகிற தண்ணீரை நிலத்தில்தான் பிடிக்க வேண்டும்.

20 மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் கொட்டுவது சுமார் 81 ஆயிரம் லிட்டர். அதே 18 பைசா கணக்கில் 14,500 ரூபாய்க்கு மேல் மதிப்பு. அதில் பாதி ஓடையில் ஓடினாலும் ஏக்கருக்கு 7,000 ரூபாய் போகிறது. ஆகவே, குழுவில் சேரும் பணத்தை இப்படிச் செலவிடுங்கள்:

* சித்திரையில் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு செய்யுங்கள்.

* உடைந்த வரப்புகளை ஐப்பசிக்கு முன்பே உயர்த்திக் கட்டுங்கள்.

* தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். 100 அடி நீளம், 100 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஏறத்தாழ 14 லட்சம் லிட்டர் பிடிக்கும். கரைச்சரிவு விட்டால் சற்றுக் குறையும். மானியம் குறித்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

* ஊர்க் கண்மாயின் வரத்துக்கால்வாயைக் குழுவாகச் சேர்ந்து தூர்வாருங்கள்.

பூக்கும் பருவத்தில் உளுந்துக்கு ஒரு தண்ணீர் கொடுக்க, குட்டையில் தேங்கியதே போதும். கறுத்து வரும் மேகம் அரை மணி நேரம் பெய்தாலும், அந்தத் தண்ணீர் உங்கள் நிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அதற்கான வேலையை இப்போதே தொடங்குங்கள்.