நாவல் நகர்த்திய நாடும் அறிக்கை நகர்த்தாத ஊரும்

ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852இல் நூலாக வெளிவந்தது. ஓராண்டுக்குள் அமெரிக்காவில் மட்டும் மூன்று இலட்சம் படிகள் விற்றன. தப்பியோடும் அடிமையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டம் வடமாநிலத்தவரையும் குற்றத்தில் பங்காளிகளாக்கியிருந்தது. அந்த உறுத்தலுக்கு நாவல் ஒரு முகம் தந்தது. அதன் மிகையுணர்ச்சியை ஜேம்ஸ் பால்ட்வின் பின்னாளில் சாடினார், சாடியது நியாயமே. எனினும் பொதுக்கருத்து நகர்ந்தது. 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் வரவில்லை. விடுதலை பெற்ற குடும்பங்களுக்குப் போர்க்காலத்தில் ஒதுக்கப்பட்ட நிலங்களைக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய உடைமையாளரிடமே திருப்பினார்.

அப்போராட்டத்தின் எதிரொலி இந்தியாவிலும் கேட்டது. ஜோதிராவ் புலே 1873இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்பில் நின்ற அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

செங்கல்பட்டில் நிகழ்ந்ததோ தலைகீழ். இங்கே எழுதியவர் மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர். இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை மறுத்த 1843ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு நெருங்கியும், சிறு கடனுக்காகப் பறையர்கள் படியாட்களாகக் கட்டுண்டு கிடந்ததை 1891ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் பதிவு செய்தார். குடியிருந்த மனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையும் போகும். தரிசு நிலம் கேட்டால் மிராசு முன்னுரிமை குறுக்கே நிற்கும். 1892இல் அரசாணை பிறந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட அந்நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம்.

ஆனால் அறிக்கையைப் படித்தவர்கள் அதிகாரிகள். ஊரின் மனச்சான்றை அது தொடவில்லை. பொதுக்கருத்தை உருவாக்கும் பணியை ஒடுக்கப்பட்டோரே ஏற்க வேண்டியிருந்தது. இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நிபந்தனை தாளில் இருந்தது, நிலம் கைமாறியது.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். ட்ரெமென்ஹீர் எழுதி நூற்றுமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை விலை ஏற ஏற, பழைய குறிப்புகள் மறைவதால் ஆதாயம் பெறுவோர் பெருகுகின்றனர். செங்கல்பட்டு மாணவர்கள் தத்தம் ஊரின் பழைய நில வரித்திட்டப் பதிவேட்டையும் இன்றைய 'அ' பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்று, புல எண் வாரியாக ஒப்பிடலாம்.