குகையும் நம் கடமையும்

முழை, விடர், அளை, குகை எனப் பல சொற்களை நந்தமிழ் முன்னோர் ஆண்டனர். மலையின் உள்ளிடங்களை அவர் நன்கறிந்திருந்தமைக்கு இச்சொற்களே சான்று. அவ்விடங்களைக் காக்கும் கடன் நம்முடையது.

களுத்துறை மாவட்டத்துப் புளத்சிங்களவை அடுத்த பாஹியன் குகையில், ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பு அம்புமுனைகள் கிடைத்தன என ஆய்வாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மண் அடுக்குகள் கலையாது கிடந்தமையாலன்றோ அக்காலக் கணக்குப் புலனாயிற்று? புதையல் வேட்டையாடுவோன் ஒருவனது மண்வெட்டி, ஒரே இரவில் அவ்வேட்டைக் கிழித்தெறியவல்லது. இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனைச் சுண்ணக்கற் குகையில் நீர்த்துளிகள் விழுதுவிழுதாகக் கல்லை வளர்த்துள்ளன. மனிதர் விரலின் எண்ணெய்ப்பசை படினும் அவ்வளர்ச்சி தடைப்படும். ஆங்குறையும் வௌவால்களோ ஆரவாரத்தால் அலைப்புண்டு இருப்பிடம் துறக்கும்.

எனின், குகைக்குச் செல்லுதலே தகாதோ? அன்று. முறையறிந்து செல்லுதல் வேண்டும். அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டு தோன்றிய தேசியக் குகையியற் கழகம், ஊர்தோறும் கிளைகள் கொண்டு புதியோரைப் பழக்குகின்றது. தனித்துப் புகாமை, தலைக்கவசம் அணிதல், ஒருவருக்கு மூன்று விளக்குகள் கொள்ளுதல், திரும்பும் நேரத்தை வெளியிலுள்ளார்க்கு அறிவித்தல் என்பன குகை ஆய்வோர் போற்றும் விதிகள். எதனையும் எடாமையும், எதனையும் இட்டுவாராமையும் அவற்றினும் தலையாயவை.

கழகம் பெருகின் குகைக்குக் கேடும் பெருகும் என்பார் உளர். பயிற்சியின்றிப் புகும் கூட்டமே கேடு விளைப்பது. வௌவால் குட்டியீனும் காலத்து வாயிலிலேயே திரும்பிவிடுதலும் நற்கழகத்தார் கற்பிக்கும் பாடமே. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் நம்மிடம் உண்டு. ஆயினும், காட்டகத்துக் குகைதோறும் காவலரை நிறுத்தல் எவ்வரசுக்கும் இயலாது. ஆதலின், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள இளைஞர் மன்றங்கள், அறிந்தோர் துணையுடனும் தொல்பொருட் திணைக்களத்தின் இசைவுடனும் இப்பணியை மேற்கொள்வனவாக.

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துப் பாறையில், கிறித்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்திலே தமிழ் வணிகன் விசாகன் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. துறவியர் உறைதற்கு வழங்கிய கொடையால் அப்பெயர் அங்கு நின்றது. இன்று உல்லாசப் பயணம் செல்வோர் சிலர் கரிக்கட்டியாலும் ஆணியாலும் தம் பெயரைக் குகைச்சுவரில் வரைகின்றனர். அவர் அக்குகைக்கு ஈந்தது யாது? ஈந்தவன் பெயரை ஈயாதார் கீறி அழித்தலை நாம் வாளா காண்டல் தகுமோ?