டீசல் இஞ்சினுக்கு எந்த ஆயில்?

மாட்டு வண்டிக் காலத்தில் அச்சுக்கு என்ன மசகு போடுவது என்பதை விவசாயி யாரிடமும் கேட்டதில்லை. வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, வண்டி மையை அவரே தயாரித்தார். எத்தனை நாளைக்கு ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி மை இட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அவர் களத்தில் டிராக்டர் நிற்கிறது. கிணற்றடியில் ஆயில் இஞ்சின் ஓடுகிறது. கடன் வாங்கித்தான் பெரும்பாலோர் இவற்றை வாங்கியிருக்கிறார்கள். ஆனால், இவற்றுக்கு எந்த ஆயிலை ஊற்றுவது என்ற முடிவை மட்டும் கடைக்காரரிடமும் பட்டறைக்காரரிடமும் விட்டுவிடுகிறார்கள். "நல்ல ஆயிலாக ஒரு டப்பா கொடுங்கள்" என்று கேட்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள்.

இந்த வழக்கம் மாற வேண்டும். "நல்ல ஆயில்" என்று பொதுவாக எதுவும் இல்லை. ஓர் இஞ்சினுக்கு ஏற்ற ஆயில், ஏற்காத ஆயில் என்றுதான் உண்டு. அதைக் கண்டுகொள்ள டப்பாவின் மேலுள்ள ஓர் எண்ணையும் ஓர் எழுத்தையும் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஆயில் செய்யும் வேலை

ஆயில் வழுவழுப்புக்கு மட்டுமே என்று நினைப்பது தவறு. பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையிலும், பேரிங்கிலும் மெல்லிய படலமாக நின்று இரும்போடு இரும்பு உரசாமல் காக்கிறது. தண்ணீரும் காற்றும் எட்டாத உட்பாகங்களின் சூட்டை வாங்கிக் கொண்டு வந்து சம்ப்பில் இறக்குகிறது. ரிங்குகளின் இடுக்கை அடைத்து அழுத்தம் கசியாமல் பார்த்துக்கொள்கிறது. எரிப்பில் உண்டாகும் கரியையும் அமிலத்தையும் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறது.

டீசல் இஞ்சினில் இந்தக் கடைசி வேலை மிக முக்கியம். பெட்ரோல் இஞ்சினைப் போல் இதில் தீப்பொறி இல்லை. காற்றை ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறார்கள். அதனால் அழுத்தமும் அதிகம், கரியும் அதிகம். அந்தக் கரியைக் கட்டியாகத் திரளவிடாமல் பொடியாகவே மிதக்க வைக்கும் மருந்துகள் டீசல் ஆயிலில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கும்.

எண் சொல்வது என்ன?

டப்பாவில் 20 டபிள்யூ 40 என்றோ 15 டபிள்யூ 40 என்றோ போட்டிருக்கும். இது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எஸ்.ஏ.இ. எண். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. பின்னுள்ள 40 என்பது இஞ்சின் சூடேறிய பிறகு, 100 டிகிரி செல்சியஸ் அளவில், ஆயிலுக்கு இருக்கும் கெட்டித்தன்மையைக் காட்டும்.

'நம் ஊரில் ஏது பனி?' என்று கேட்கலாம். ஆனால், இஞ்சினின் தேய்மானத்தில் ஒரு பங்கு காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது நேர்கிறது. இரவெல்லாம் நின்ற இஞ்சினில் ஆயில் சம்ப்பில் இறங்கிக் கிடக்கும். அது மேலேறி பேரிங்கை எட்டும் வரை படலம் சரியாக இருக்காது. சீக்கிரம் ஏறும் ஆயில் அந்த நேரத்தைக் குறைக்கிறது. பழைய, மெதுவாகச் சுற்றும் ஆயில் இஞ்சின்கள் சிலவற்றுக்கு 30 அல்லது 40 என்ற ஒற்றை எண் ஆயிலையே கம்பெனிக் கையேடு சொல்லியிருக்கும். அங்கே அதுவே சரி.

எழுத்துதான் முக்கியம்

எண் ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் ஆயிலிலும் 20 டபிள்யூ 40 உண்டு. டீசல் பம்ப்செட்டுக்கு விற்கும் ஆயிலிலும் அதே 20 டபிள்யூ 40 உண்டு. எண் ஒன்று, சரக்கு வேறு. வீட்டில் பைக்குக்கு வாங்கி மிஞ்சியதைப் பம்ப்செட்டில் ஊற்றுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வேற்றுமையைச் சொல்வது, ஏ.பி.ஐ. என்ற குறியை அடுத்து வரும் ஆங்கில எழுத்து. பாம்பு போல் வளைந்த 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கினால் பெட்ரோல் இஞ்சின் ஆயில். பிறை போன்ற 'சி' என்ற எழுத்தில் தொடங்கினால் டீசல் இஞ்சின் ஆயில். 'சி'யை அடுத்து வரும் எழுத்து தரத்தின் படியைக் காட்டுகிறது. சி.எப்.4, சி.எச்.4, சி.ஐ.4, சி.ஜே.4, சி.கே.4 என்று அகர வரிசை மேலே செல்லச் செல்லப் புதிய தரம். இவற்றில் சி.கே.4 என்பது 2016 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. சில டப்பாக்களில் 'சி'யும் 'எஸ்'ஸும் சேர்ந்தே இருக்கும். அவை இரண்டு வகைக்கும் தேறியவை.

பெட்ரோல் ஆயிலை டீசல் இஞ்சினில் ஊற்றினால் அன்றே நின்றுவிடாது, அதுதான் ஆபத்து. கரி திரண்டு சேறாகும். ரிங் காடியில் இறுகும். ஆயில் செல்லும் துளைகள் அடைபடும். ஓரிரு பருவம் கழித்து இஞ்சின் நீலப் புகை கக்கும்போது பழி இஞ்சின் மேல் விழும்.

கிணற்றடிக்குக் கையில் தூக்கிச் செல்லும் சிறு பம்ப்செட்டுகளில் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடுபவை உண்டு. அவை தீப்பொறி இஞ்சின்கள். அவற்றுக்கு டீசல் ஆயிலைத் தேடிப் போக வேண்டாம். கையேடு சொல்லும் 'எஸ்' வகையே பொருந்தும்.

விலை அதிகமானால் போதுமா?

விலை கூடியதை ஊற்றினால் இஞ்சின் கூடுதல் நாள் உழைக்கும் என்ற எண்ணமும் இருக்கிறது. பழைய ஒற்றை சிலிண்டர் ஆயில் இஞ்சினுக்குக் கையேடு சொல்லும் சாதாரணத் தரம் போதும். அதில் உயர்ந்த தரத்தை ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் காசு வீண். அந்தக் காசில் ஒரு பில்டர் வாங்கலாம்.

புது வண்டிகளின் கதை வேறு. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் ஸ்டேஜ் 6' டீசல் கார்களிலும் சரக்கு வண்டிகளிலும் பலவற்றில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஆயில் எரிந்தால் அதிலுள்ள மருந்துகள் சாம்பலாகும். கரியை வடிகட்டியிலேயே எரித்துவிடலாம். சாம்பலை எரிக்க முடியாது. அது சேர்ந்து வடிகட்டியை அடைக்கும். அதனால் இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த, கையேட்டில் சொன்ன ஆயில்தான் வேண்டும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அவ்வகைப் புது டிராக்டரில் பழைய டிராக்டருக்கு வாங்கி வைத்த ஆயிலை ஊற்றுவதற்கு முன் கையேட்டைப் பார்த்தாக வேண்டும்.

சுருங்கச் சொன்னால், பழைய இஞ்சினுக்கு விலை உயர்ந்த ஆயில் வீண் செலவு. புது இஞ்சினுக்கு விலை குறைந்த ஆயில் பெருநஷ்டம்.

கறுத்தால் கெட்டதா?

புது ஆயில் ஊற்றிய சில மணி நேரத்திலேயே டீசல் இஞ்சினில் கறுத்துவிடும். இதைக் கண்டு "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கரியை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டதால்தான் அது கறுக்கிறது. துணி அழுக்கானால் சோப்பு நீரும் அழுக்காகத்தானே வேண்டும்?

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மெலிந்து டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்குகிறது. ஊற்றாமலே அளவு கூடினால் இவ்விரண்டில் ஒன்று நடக்கிறது. இவற்றில் எது தெரிந்தாலும் இஞ்சினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

மணிக் கணக்கு

சரியான ஆயிலும் காலம் தவறினால் கெட்ட ஆயிலே. பல டிராக்டர்களுக்கு முதல் மாற்றம் 50 மணி நேரத்திலும், பிறகு 250 மணி நேரத்துக்கு ஒரு முறையும் என்று கையேடு சொல்கிறது. உழவுப் பருவத்தில் நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 250 மணி நேரம் ஒரே மாதத்தில் வந்துவிடும். 'போன பொங்கலுக்கு மாற்றியது' என்ற கணக்கு இங்கே செல்லாது. டிராக்டரில் மணி காட்டும் கருவி உண்டு. பம்ப்செட்டில் பெரும்பாலும் இல்லை. இஞ்சின் கொட்டகையில் ஒரு காலண்டரை மாட்டி, தினமும் ஓடிய மணியைக் குறித்து வந்தால் போதும். ஓட்டம் குறைவானாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; நின்றாலும் ஈரமும் அமிலமும் உள்ளே வேலை செய்யும்.

குறைந்ததற்கு மேலே ஊற்றுவது மாற்றுவது ஆகாது. தீர்ந்துபோன மருந்து அதனால் திரும்பாது. மாற்றும்போது இஞ்சினைச் சற்று ஓடவிட்டு, சூட்டோடு வடிக்க வேண்டும். அழுக்கும் சேர்ந்து இறங்கும். பில்டரையும் உடன் மாற்ற வேண்டும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். ஆயில் தொட்டி வைத்த ஏர் கிளீனர் உள்ள இஞ்சின்களில், புழுதி உழவின்போது அந்தத் தொட்டியைத் தினமும் பார்க்க வேண்டும். உள்ளே போகும் புழுதி, எந்த ஆயிலாலும் காப்பாற்ற முடியாத அளவுக்கு லைனரை அரித்துவிடும்.

பழைய ஆயில், போலி ஆயில்

வடித்த ஆயிலை வடிகட்டிப் பழைய டப்பாவில் அடைத்து விற்கும் மோசடி இன்னும் இருக்கிறது. காலி டப்பாவை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாமல், ஓட்டை போட்டுக் கொடுத்தால் அந்த வியாபாரத்துக்கு ஒரு கை குறையும். வாங்கும்போது மூடி முத்திரை பார்த்து, ரசீது கேட்க வேண்டும்.

வடித்த ஆயிலை மாட்டுப் புண்ணுக்குத் தடவுவதும் வாய்க்கால் ஓரத்தில் கொட்டுவதும் கூடாது. அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. அது மண்ணில் இறங்கினால் கிணற்று நீர் வரை கெடும். சட்டப்படியும் அது அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரிப்பவர்களிடம் கொடுப்பதே ஒழுங்கு.

யாருடைய பொறுப்பு?

எல்லாவற்றையும் விவசாயியின் தலையில் கட்டுவதும் நியாயமாகாது. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் டிராக்டருக்கு ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் தருவதோடு கடமை முடிந்தது என்று இருப்பது சரியல்ல. ஆயில் எண், எழுத்து, அளவு, மாற்றும் மணி ஆகிய நான்கையும் தமிழில் பொறித்து, இஞ்சின் மேலேயே ஒரு தகடு பதித்துத் தருவதற்குக் கம்பெனிகளுக்குப் பெரிய செலவாகாது. டப்பாவின் பின்புறத்தில் எறும்பு போல் அச்சிடும் எழுத்தை முன்புறத்தில் பெரிதாகப் போடவும் முடியும். வாங்குகிறவர்கள் கேட்காத வரை இவை நடக்கப் போவதில்லை.

அதுவரை விவசாயி செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இன்று மாலையே கையேட்டை எடுத்து, படித்த பிள்ளையை விட்டு அந்த நான்கு விவரங்களையும் பார்க்கச் சொல்லி, இஞ்சின் கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதி வைக்கலாம். கையேடு தொலைந்திருந்தால் விற்ற டீலரிடமோ, வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்திலோ கேட்கலாம். வாடகை டிராக்டர் வைத்து ஓட்டும் இளைஞர்களுக்கு இது இன்னும் அவசியம். மாதத் தவணை நிற்பதில்லை, இஞ்சின்தான் நிற்கும்.

நடுத்தர டிராக்டர் ஒன்றுக்கு ஒரு மாற்றத்துக்கு ஏழெட்டு லிட்டர் ஆயில் போதும். லைனர், பிஸ்டன் மாற்றி இஞ்சின் வேலை பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. அந்த வேலை வருவதும் பெரும்பாலும் நாற்று முற்றி, சேறு உழக் காத்திருக்கும் வாரத்தில்தான். பட்டறைச் செலவு ஒரு பங்கு என்றால், தவறிப்போன நடவின் நஷ்டம் அதற்கு மேல்.

வண்டி மையைத் தானே குழைத்த குடும்பத்துக்கு ஓர் எண்ணையும் ஓர் எழுத்தையும் நினைவில் வைப்பது கடினமான காரியமல்ல. அடுத்த முறை கடைக்குப் போகும்போது "நல்ல ஆயில்" என்று கேட்க வேண்டாம். சுவரில் எழுதியதைச் சொல்லிக் கேட்டு, டப்பாவில் அதே எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.