விளம்பரம் தமிழில், ஒப்பந்தம் எந்த மொழியில்?

பதுளை டவுன்ல இப்போ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு லீசிங் பேனர் கண்ணில் படும். தைப்பொங்கலுக்குத் தமிழ்ல வாழ்த்து, தீபாவளிக்குத் தமிழ்ல வாழ்த்து. தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் நோட்டீஸ் கொடுக்கவும் ஆள் வந்துவிடும். "உங்க வாகனக் கனவு எங்க பொறுப்பு" என்ற மாதிரி நல்ல தமிழ், பிழையில்லாத தமிழ்.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து, கையெழுத்து வைக்கிற நேரம் வரும்போது நீட்டப்படும் பேப்பரைப் பாருங்க. பெரும்பாலும் இங்கிலீஷ், இல்லாவிட்டால் சிங்களம். அதுவும் பொடி எழுத்தில். வாழ்த்து சொல்லத் தெரிந்த மொழி, வட்டி சொல்லும்போது மட்டும் காணாமல் போகிறது. வாகனம் விற்கும் இடத்தில் நடக்கிற தில்லுமுல்லுகள் நிறைய. அதில் பாதி இந்த ஒரு இடைவெளிக்குள்தான் குடியிருக்கிறது என்பது எங்கள் கருத்து.

ஒரு லொறி ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

வெளியில் இருக்கிறவங்களுக்கு ஒரு பட்டா லொறியோ ஆட்டோவோ வெறும் வாகனம். ஊவா தோட்டங்களில் அது ஒரு வெளியேறும் வழி. வெலிமடை, கெப்பெட்டிபொல பக்கம் மரக்கறி ஏற்றலாம். லுணுகலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ பதுளைக்கு ஹயர் ஓடலாம். ராத்திரி பிரசவ வலி வந்தால், பஸ் இல்லாத டிவிஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஆட்டோதான் அம்பியுலன்ஸ். கொழும்புக் கடையில் நின்று சலித்துப்போய் ஊர் திரும்பும் ஒரு பொடியனுக்கு, சொந்தமாய்த் தொழில் என்றால் முதலில் தோன்றுவது சக்கரம்தான்.

அந்தச் சக்கரத்துக்கான முற்பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்க. பல வீடுகளில் அது அம்மாவின் ஈ.பி.எஃப். காசு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கக்கூடிய அந்தப் பணம், மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, தோட்டம் 12 வீதம் போட்டுச் சேர்ந்தது. முப்பது வருஷக் கொழுந்து அது. ஷோரூமில் அரை மணித்தியாலத்தில் கைமாறிவிடுகிறது. அதனால்தான் அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி எழுதுகிறோம்.

அவசரம் என்ற முதல் பொறி

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 நெருக்கடியில் டொலர் சில வாரங்களில் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருஷத்தில் பழைய ஆட்டோகூட யானை விலைக்கு விற்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அந்தப் பயம் இன்னும் நமக்குள் இருக்கிறது. விற்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும். "டொலர் கூடப் போகுதுண்ணே, அடுத்த மாசம் வரி மாறுதாம், இது கடைசி வண்டி, இன்னைக்கு ஒரு அம்பதாயிரம் வச்சு புக் பண்ணிட்டுப் போங்க." இதில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அம்பதாயிரத்தைக் கொடுத்த பிறகு நாம் வேறு கடையில் விலை கேட்பதில்லை. புக்கிங் காசு வாங்குவதன் நோக்கமே அதுதான். அந்தக் காசு திருப்பித் தரப்படுமா, எந்த நிபந்தனையில் என்று ரசீதிலேயே எழுதித் தராதவரிடம் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது.

விலையைக் கேட்டால் கேள்வியைத் திருப்புவார்

"லொறி என்ன விலை?" என்று கேளுங்க. பதில் விலையாக வராது. "மாசம் எவ்வளவு கட்ட ஏலும் உங்களால?" என்று இன்னொரு கேள்வியாக வரும். இதுதான் எல்லாத் தந்திரத்துக்கும் தாய். மாதத் தவணை என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால், மற்ற எல்லா எண்களையும் அவர் இஷ்டத்துக்கு நகர்த்தலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு 20 லட்சம் கடன், "12 வீதம்தான் வட்டி", நாலு வருஷம். இந்த 12 என்பது அநேகமாக ஃபிளாட் வட்டி. அதாவது கடன் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் மாசமும் 20 லட்சத்துக்கு வட்டி, கடைசி மாசமும் 20 லட்சத்துக்கு வட்டி. வருஷத்துக்கு 2,40,000 என்றால் நாலு வருஷத்தில் 9,60,000. மொத்தம் 29,60,000. மாதத் தவணை ஏறக்குறைய 61,667 ரூபாய்.

இதை மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி போடும் முறைக்கு மாற்றினால், உண்மையான வட்டி வருஷத்துக்கு 21 வீதத்தை நெருங்குகிறது. பக்கத்து வங்கிக்காரர் நேர்மையாக "20 வீதம், குறையும் மீதிக்கு" என்று சொன்னால் அவருடைய தவணை சுமார் 60,860தான் வரும். அதாவது "20 வீதம்" என்று சொன்னவர் "12 வீதம்" என்று சொன்னவரைவிட மலிவு. ஆனால் நாம் யாரிடம் போவோம்? பன்னிரண்டு சொன்னவரிடம்தான்.

தவணை கூட என்று முகம் சுளித்தால், "அப்போ அஞ்சு வருஷம் போட்ருவோமே" என்பார். தவணை 53,333 ஆகக் குறையும். மொத்தத்தில் கட்டுவது 2,40,000 ரூபாய் கூடும். குறைத்துக் கொடுத்த மாதிரி ஒரு முகம், கூட்டி எடுத்துக்கொண்ட ஒரு கை.

இந்த 61,667 எவ்வளவு பெரிய தொகை? 2024ல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் 25 நாள் முழுப்பேர் வேலை கிடைத்தால் 33,750. ஈ.பி.எஃப். போக 31,050. புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஒரு நாள் விடாமல் மலை ஏறினாலும் அப்போது கையில் வந்தது 62,100. தவணை கட்டிவிட்டால் மிஞ்சியிருக்கும் தொகை 433 ரூபாய். லொறி ஓடினால்தான் சோறு. ஓடாத மாசம் வந்தால், மண்சரிவில் பாதை மூடினால், என்ன செய்வது என்பதை அந்த மேசையில் யாரும் பேசுவதில்லை.

கையெழுத்துக்குப் பிறகு தெரியவருபவை

எங்களில் ஒருவரின் சித்தப்பா 2013ல் ஒரு சின்ன லொறி எடுத்தார். வாயால் சொன்னது நாலு வருஷம். 48 தவணையும் ஒழுங்காய்க் கட்டிவிட்டு, புக்கை வாங்கப் போனவருக்குக் கிடைத்த பதில்: "இன்னும் 12 இருக்கு." பேப்பரில் 60 என்றுதான் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது, "வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்ற வரிக்கு நேரே. அவருக்கு வாசிக்கத் தெரியும், நன்றாகவே தெரியும், தமிழில். அந்தப் பேப்பர் தமிழில் இல்லை.

இப்படி உள்ளே ஒளிந்திருக்கும் வேறு சிலவும் உண்டு. காப்புறுதி, பதிவுச் செலவு, ஆவணக் கட்டணம் எல்லாம் கடனோடு சேர்க்கப்பட்டு அதற்கும் வட்டி ஓடும். வண்டி தயாரித்த வருஷம் ஒன்று, பதிவு செய்யும் வருஷம் ஒன்று. வாயால் சொல்லப்படுவது எப்போதும் புதிய வருஷம்தான். லீசிங் முடியும்வரை புக்கில் முழு உரிமையாளர் கம்பனி, நீங்க பதிவுசெய்த உரிமையாளர் மட்டும். தவணை தவறி வண்டியை சீஸ் பண்ணிப் போய் விற்றால், விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால், மீதிக்குக் கடிதம் வருவது உங்களுக்கு மட்டுமில்ல. பிணை கையெழுத்து வைத்த அடுத்த லயத்து மாமாவுக்கும் வரும். ஒரு லொறியால் ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதை தோட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும்.

விற்கிற தம்பியும் நம்ம பொடியன்தான்

இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தோட்டத்துக்கு வந்து "அண்ணே, மாமா" என்று பேசி ஆள் பிடிக்கிற அந்த சேல்ஸ் தம்பி பல நேரம் நம்ம ஸ்கூல்ல படித்தவன். அவனுக்கு மாசத்துக்கு இத்தனை வண்டி என்று டார்கெட். அடையாவிட்டால் வேலை இல்ல. அவனைத் தமிழ் பேச வைத்திருப்பதே, பேப்பர் தமிழ் பேசாது என்பதற்காகத்தான்.

இது பதுளைக்கு மட்டும் வந்த வியாதியும் இல்ல. பிரித்தானியாவில் கார் விற்பவர், வாங்குபவருக்கு வட்டியைக் கூட்டிப்போட்டால் தனக்குக் கமிஷன் கூடும் என்ற ஏற்பாடு வெகுகாலம் நடந்தது. அங்குள்ள நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2021 ஜனவரியில்தான் அதைத் தடை செய்தது. "உங்களுக்காக வட்டிய கொறச்சுப் பேசித் தாறேன்" என்று ஒருவர் சொன்னால், "உங்களுக்கு இதுல கமிஷன் எவ்வளவு தம்பி?" என்று கேட்பதில் தப்பே இல்லை. சிரித்துக்கொண்டே கேளுங்க. ஆனால் கேளுங்க.

சட்டம் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் வேண்டும்

"தோட்டத்து ஆளுங்க படிக்காததுனாலதான் ஏமாறுறாங்க" என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. புரியாத மொழியில் பேப்பரை நீட்டினால் பேராசிரியரும் ஏமாறுவார். இது உரிமை சம்பந்தப்பட்ட விஷயம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகள், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதையும் பொய்யான விவரம் சொல்லி விற்பதையும் தடுக்கின்றன. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. லீசிங், வங்கி சம்பந்தப்பட்டதென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935. 2023ல் மத்திய வங்கி கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றில் நீங்க விரும்பும் மொழியில் ஆவணங்களைக் கேட்கலாம். இது சலுகை இல்ல. கேட்டால் தர வேண்டியது.

ஆனால் தனி ஆளாகப் போய்க் கேட்டால் "தமிழ்ல வர ரெண்டு கெழம ஆகும், அதுக்குள்ள வண்டி போயிரும்" என்பார்கள். மறுபடி அவசரம். அதனால் நாங்கள் சொல்வது மூன்றே விஷயம்.

தனியாகப் போகாதீங்க. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரையாவது, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சியையாவது கூட்டிக்கொண்டு போங்க. மாதத் தவணையைக் கேட்காமல், "இன்னைக்குத் தொடங்கிக் கடைசித் தவணை வரைக்கும் என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்?" என்று கேளுங்க. அந்த எண்ணோடு தவணை எத்தனை, வட்டி ஃபிளாட்டா குறையும் மீதிக்கா, இடையில் கட்டி முடித்தால் எவ்வளவு கழிவு, வண்டி தயாரித்த வருஷம் என்ன, இவ்வளவையும் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்க. மூன்றாவது, பேப்பரை ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஒரு ராத்திரி தாங்காத வியாபாரம் ஐந்து வருஷம் தாங்காது.

தொழிற்சங்கங்களிடமும் தோட்ட இளைஞர் கழகங்களிடமும் ஒரு கோரிக்கை. நாட்சம்பளத்துக்காகப் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் கூட்டி வாங்கிய அந்தச் சம்பளம் எந்த மேசையில் போய்க் கரைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கழகக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம், லீசிங் பேப்பரை வாசித்துச் சொல்ல ரெண்டு பேர் உட்கார்ந்தால் போதும். பெரிய காசு தேவையில்ல. எங்கள் குழுவில் அதற்கு ஆள் இருக்கிறோம். பேப்பரைக் கொண்டு வாங்க, கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னாடி.