சோபாவின் காலைப் பாருங்கள்!

சோபா வாங்கப் போகும் சகோதரிகள் பலரும் முதலில் பார்ப்பது துணியின் நிறத்தைத்தான். எங்கள் ஊரில் முதலில் காலைப் பார்க்க வேண்டும் என்பேன் நான்.

2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் ஒரே வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டு சோபா வாசலில் கிடந்தது. ஸ்பான்ஜ் தண்ணீரைக் குடித்து நாறிப் போச்சு. அடியிலிருந்த மரத்தூள் பலகை இட்லி மாதிரி உப்பிவிட்டது. அதில் ஒன்றுக்குத் தவணையே முடியவில்லையாம், பாவம்! மாமியார் காலத்துத் தேக்கு பெஞ்சை, பிரம்பு பின்னியது, நாங்கள் துடைத்து நிழலில் காயவைத்து மறுபடி உட்கார்ந்துவிட்டோம்.

தேக்கு விற்கிற விலைக்கு எல்லோராலும் வாங்க முடியாதுதான். ஆனால் அரை அடியாவது கால் உயரம் வேண்டாமா? துடைப்பமும் உள்ளே போகும். மெத்தை தனியாகக் கழற்ற வரணும், உறைக்கு ஜிப் இருக்கணும். கடையில் சோபாவைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். கறுப்புத் துணிக்குள் என்ன பலகை என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டுமே, பணம் நம்முடையது!

என் வீட்டுக்காரருக்கு தரையோடு ஒட்டின 'எல்' மாடல் மேல்தான் ஆசை. மாடி வீடு கட்டின பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, புதுச்சேரி.