முன் பிரேக்கைப் பிடிக்கப் பயம் ஏன்?

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகும் சாலை. ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாகப் போகிறது. பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு குழந்தை. பின்னால் மனைவி. அவர் மடியில் இன்னொரு குழந்தை. திடீரென்று ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வருகிறது.

ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? வலது காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். சக்கரம் சுற்றாமல் நின்றுவிடுகிறது. ஆனால் வண்டி நிற்கவில்லை! வழுக்கிக்கொண்டே போகிறது.

கைக்குப் பக்கத்திலேயே முன் பிரேக் இருக்கிறது. அதைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்று பயம். இந்தப் பயத்தை அப்பா மகனுக்கும், அண்ணன் தம்பிக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

உண்மை வேறு. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயரோ லேசாகிவிடுகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வலு முன் சக்கரத்தில்தான் அதிகம்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடிவிடுகிறோம். ஆட்டைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். அதன்பின், உலர்ந்த நல்ல சாலையில், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும்.

முன் பிரேக்கைப் படாரென்று இழுக்கக் கூடாது. முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. வண்டி நேராக இருக்க வேண்டும். மணல் கிடக்கும் இடத்திலும் வளைவிலும் மிகுந்த கவனம் வேண்டும்.

பிரேக்கே சரியில்லாவிட்டால்?

டிரம் பிரேக்கில் கேபிள் தளர்ந்தால், கைப்பிடியை முழுக்க அழுத்தினாலும் பிடிப்பு வராது. இதை முறுக்கிச் சரிசெய்ய மெக்கானிக்குக்குச் சில நிமிடம் போதும். ஷூ தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். டிஸ்க் பிரேக்கில் பேடின் கனத்தைப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வண்டியைக் கழுவிய பிறகு பளபளப்புக்காக எண்ணெய் அடிக்கிறார்களே, அது டிஸ்க்கில் பட்டால் வந்தது ஆபத்து! வண்டி மின்னும், நிற்காது.

அரசாங்கமும் இதைக் கவனித்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆயிற்று. சிறிய வண்டிகளுக்கு, ஒன்றைப் பிடித்தால் இரண்டும் பிடிக்கும் கூட்டு பிரேக்காவது இருக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அதற்கு முன் வாங்கிய பழைய வண்டிகள் கிராமத்துச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன?

லைசென்சுக்குப் போனால் ‘8’ போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். மெதுவாக வளைத்து ஓட்டத் தெரிந்தால் போதும். வேகமாக வந்து சட்டென்று நிறுத்தத் தெரியுமா என்பதையும் பார்க்க வேண்டாமா? அந்தச் சோதனையையும் சேர்க்க வேண்டும். வண்டி விற்கும் கடைக்காரர்கள் சாவியைக் கொடுக்கும் முன்பு, இரண்டு பிரேக்கையும் பிடிக்கும் விதத்தை ஓட்டிக் காட்ட வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத மைதானம் ஒன்று, தலையில் ஹெல்மெட், 20 கிலோ மீட்டர் வேகம் — ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், கை பழகிவிடும்.